அரிப்புக்கு வந்த மாத்திரை, தூக்கத்துக்குத் தங்கிவிட்டது

வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி மூன்று பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது, விவசாயி. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மூன்று வருடம் முன்பு குறுவை அறுவடையின்போது உடம்பெல்லாம் அரிப்பு. நெல் சுணைதான் என்று நினைத்துக் கடைத்தெரு மெடிக்கலில் கேட்டதற்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். அரிப்பு அடங்கியது, கூடவே நல்ல தூக்கமும் வந்தது. அறுவடை முடிந்து களம் காலியான பிறகும் மாத்திரை நிற்கவில்லை. ஒன்று இரண்டானது, சில நாள் மூன்று. இப்போது வாய் வறண்டு போகிறது என்று தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் இல்லாமல் படுப்பதில்லை. மலச்சிக்கல் உண்டு. சிறுநீர் கழிக்கக் கொல்லைப்பக்கம் போனால் திரும்பி வரப் பத்து நிமிடம் ஆகிறது. எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிறவர், போன மாதம் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தடுமாறி, நிலைப்படியில் தலை மோதி விழுந்துவிட்டார். நெற்றியில் நான்கு தையல். சாயங்கால நேரத்தில் கொஞ்சம் குழப்பம் அதற்கு முன்பே இருந்ததாம், இப்போது கூடியிருக்கிறது. வயலில் நெல்லே இல்லாமல் உளுந்து பூத்திருக்கிற நேரத்தில், நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, "முறைத் தண்ணி வந்துட்டா? மடையைத் தொறந்தாச்சா?" என்று கேட்கிறார். காலையில் ஒன்றும் நடக்காதது போல டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் போகிறார்.

தம்பி சொல்வது: "இது அலர்ஜி மாத்திரைக்கா, தூக்க மாத்திரை இல்ல. குழந்தைக்கே சிரப்பா இதைத்தானே கொடுக்கிறோம்?" தம்பி குழந்தைக்கு 14 மாதம். சளிக்கு என்று வாங்கிய சிரப்பை, இப்போது சளி இல்லாவிட்டாலும் ராத்திரி அழுதால் அரை ஸ்பூன் ஊற்றுகிறார்களாம்.

சகோதரி கேட்பவை: அப்பாவுக்கு மறதி நோயா? மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்தா? அப்புறம் அவர் எப்படித் தூங்குவார்? தம்பி சொல்வது சரியா?

நான் மருந்தின் பெயரைக் கேட்பேன் என்று ஊகித்து, மாத்திரைப் பட்டையின் பின்பக்கம் இருந்ததையும் பார்த்து எழுதியிருக்கிறார்: "ஃபெனிரமின் மாலியேட்". அதற்கு முன்னாலுள்ள பகுதியைக் கடைக்காரரின் கத்தரி வெட்டிவிட்டது.

அன்புள்ள சகோதரிக்கு,

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. தலையில் அடிபட்டு ஒரு மாதம் ஆகிறது, குழப்பம் கூடியிருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் மூளை லேசாகச் சுருங்கியிருக்கும். அதற்கும் மண்டையோட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் சின்ன மோதலிலேயே கசியக்கூடும். அந்தக் கசிவு சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, அறிகுறி காட்ட இரண்டு மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளும். நெற்றித் தையல் ஆறிவிட்டதே என்று நிம்மதி அடைய முடியாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் கவலை இன்னும் அதிகம்.

ஆகவே நாளையோ மறுநாளோ தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். "ஒரு மாதம் முன்பு விழுந்தார், அதற்குப் பின் குழப்பம் கூடியிருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தலைக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள், அநேகமாக எடுக்கத்தான் சொல்வார்கள். இதற்கிடையே ஓயாத தலைவலி, வாந்தி, ஒரு பக்கக் கை கால் சோர்வு, எழுப்பினால் எழாத தூக்கம் இவற்றில் எது வந்தாலும் நாள் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, அவர் குழம்பிப் பேசுகிற நேரத்திலேயே விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் விடியற்காலையில் உளறினால், சர்க்கரை இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

சரி, இப்போது அந்த மாத்திரைக்கு வருவோம்.

பாதி வெட்டுப்பட்ட பெயர்

"ஃபெனிரமின் மாலியேட்" என்று மட்டும் இருந்தால் அது இரண்டில் ஒன்று. ஊரில் பாதிப் பேர் "அவில்" என்று கேட்டு வாங்குவது ஃபெனிரமின், பொதுவாக 25 மில்லிகிராம் மாத்திரை. முன்னால் "குளோர்" என்று இருந்து கத்தரியில் போயிருந்தால் அது குளோர்ஃபெனிரமின், வழக்கமாக 4 மில்லிகிராம், பழக்கத்தில் "சி.பி.எம்." என்பார்கள். இரண்டும் பங்காளிகள்தான், அதனால் நான் சொல்லப்போவது இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு மனிதர் மூன்று வருடமாக விழுங்குகிற மருந்தின் முழுப்பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது நல்லதில்லை. அடுத்த முறை வெட்டிய துண்டாக வாங்காதீர்கள். பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி மூன்றும் தெரிகிற பட்டையைக் கேளுங்கள். பில்லும் கேளுங்கள், அது உங்கள் உரிமை. மெடிக்கல்காரர்மேல் எனக்குக் கோபமில்லை, அன்றைக்கு அரிப்புக்கு அவர் கொடுத்தது சரியான மருந்துதான். ஆனால் இவ்வகை மருந்துகளை நம் நாட்டு மருந்து விதிகள் "ஜி" அட்டவணையில் வைத்திருக்கின்றன. மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடுவது ஆபத்து என்ற எச்சரிக்கை அட்டையிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. துண்டாக வெட்டும்போது அதுவும் சேர்ந்து போய்விடுகிறது.

"4 மில்லிகிராம்தானே, பாரசிட்டமால் 500 சாப்பிடுகிறோமே" என்று என் கிளினிக்கில் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எடையை வைத்து மருந்தின் வீரியத்தைச் சொல்ல முடியாது. மிளகாயையும் பூசணிக்காயையும் ஒரே தராசில் வைத்து எது காரம் என்று பார்க்க முடியாதே.

தம்பி சொன்னதில் பாதி சரி

இது அலர்ஜி மாத்திரைதான். உடம்பில் ஒவ்வாமை ஏற்படும்போது ஹிஸ்டமின் என்ற பொருள் கொட்டுகிறது. அரிப்பு, தடிப்பு, தும்மல், மூக்கில் நீர் எல்லாம் அதன் வேலை. ஹிஸ்டமின் போய் உட்காருகிற இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதுதான் இந்த மாத்திரை. டேனியல் போவே என்பவர் 1937-ல் பாரிசில் இந்த வழியைத் திறந்தார், 1957-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, மட்டமான மருந்து என்று நான் சொல்லவில்லை. திடீர்த் தடிப்புக்கும், அலர்ஜித் தும்மலுக்கும், பூச்சிக்கடி அரிப்புக்கும் நானே இன்றும் நாலைந்து நாளுக்கு எழுதுகிறேன். இதே குடும்பத்தில் பஸ் பயண வாந்திக்குக் கொடுக்கும் மருந்துகளும் உண்டு.

தம்பிக்குத் தெரியாத மறுபாதி இதுதான். அதே ஹிஸ்டமின் மூளைக்குள் வேறு வேலை பார்க்கிறது, நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. இந்தப் பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் சுலபமாகப் புகுந்து அந்த விழிப்பையும் அணைத்துவிடுகின்றன. அப்பாவுக்கு வந்த "நல்ல தூக்கம்" மருந்தின் பக்கவிளைவு. பக்கவிளைவுக்காகவே ஒரு மருந்தை ஒருவர் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் அது அவருக்குத் தூக்க மாத்திரைதான், அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. போதாததற்கு, அந்தத் தூக்கம் தரும் குணம் சில நாளிலேயே பழகி மங்கிவிடும். ஒன்று இரண்டாகி மூன்றானது அதனால்தான்.

மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. எச்சில் சுரக்க, குடல் அசைய, சிறுநீர்ப்பை சுருங்க, நினைவு தங்க அசிட்டைல்கோலின் என்ற பொருள் வேண்டும். இந்த மாத்திரை அதையும் தடுக்கிறது. இப்போது உங்கள் கடிதத்தையே திருப்பிப் படியுங்கள். வாய் வறட்சி, மலச்சிக்கல், பத்து நிமிடம் ஆகும் சிறுநீர், சாயங்காலக் குழப்பம். நான்கையும் நான்கு வியாதியாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரே மாத்திரையின் நான்கு கைகளாகப் பார்க்கிறேன். வாய் வறள்வதால் சொம்புத் தண்ணீர், தண்ணீர் குடித்ததால் நடுராத்திரி எழுச்சி, எழுந்தவருக்கு மருந்து மயக்கம், இருட்டில் நிலைப்படி. தாகத்துக்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், சிறுநீர்த் தடைக்குப் புராஸ்டேட் வீக்கமும் இருக்கலாம். இருந்தால் இந்த மாத்திரை அவற்றை இன்னும் மோசமாக்கும். ஏழெட்டு மணி நேரம் சிறுநீர் பிரியாமல் அடிவயிறு உப்பி வலித்தால், "தண்ணி நிறையக் குடிப்பா, தானா வரும்" என்று சொல்லிக் குடம் குடமாகக் கொடுக்காதீர்கள். ஏற்கனவே நிரம்பி நிற்கும் பையில் இன்னும் நிரப்புவதாகிவிடும். நேரே ஆஸ்பத்திரிதான், குழாய் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். கண் டாக்டர் யாராவது கண்ணில் அழுத்தம் என்று சொல்லியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சில வகைக் கண் அழுத்தத்துக்கு இந்த மாத்திரை ஆகவே ஆகாது.

வடிகால் இல்லாத வயல்

ராத்திரி ஒன்பது மணிக்கு விழுங்கினால் காலையில் தீர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். குளோர்ஃபெனிரமின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே பெரியவர்களுக்குச் சுமார் 20 மணி நேரம் ஆகும், வயதானவர்களுக்கு அதற்கும் மேலே. அதாவது இன்று ராத்திரி மாத்திரையில் பாதி, நாளை சாயங்காலம் அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பில் இருக்கிறது. அதன்மேல் அடுத்த இரண்டு. அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டுமென்றால் வயலை வைத்தே சொல்லுங்கள்: போன முறைத் தண்ணீர் வடியாமல் நிற்கும்போது மடையைத் திறந்தால் பயிர் என்ன ஆகும்? டெல்டாவில் தண்ணீர் வராமல் காய்ந்த பயிர்களைப் போலவே, வடியாமல் நின்று அழிந்த பயிர்களையும் அவர் பார்த்திருப்பார். வயதாக ஆக ஈரலும் சிறுநீரகமும் மெல்ல வடிக்கும் வாய்க்கால்கள்.

காலை டிவிஎஸ் 50 சவாரியை நான் பயத்தோடு படித்ததும் இதனால்தான். தூக்கம் வராத மாதிரியே இருக்கும், ஆனால் கை கால் தாமதமாக வேலை செய்யும். வாய்க்கால் கரையில் எதிரே வைக்கோல் வண்டி வந்தால் ஒதுங்கக் கிடைக்கும் நேரம் ஒரு நொடி. கொஞ்ச நாளைக்குச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். மதுப் பழக்கம் இருந்தால், எழுதவில்லை என்றாலும் கேட்டுவைக்கிறேன், இரண்டும் சேர்ந்தால் மயக்கம் கூடும், மூச்சு மந்தப்படும்.

அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, இந்த மாத்திரைக் குடும்பம் அதில் இருக்கிறது. பியர்ஸ் பட்டியல் என்று பெயர். (சாராய வகையறா இல்லை. 1991-ல் அதை முதலில் தொகுத்த மருத்துவரின் பெயர் அது.)

மறதி நோயா என்று கேட்டீர்கள். இந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை யாரும் அப்படி முத்திரை குத்தக் கூடாது. தலையில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியாகி, மருந்தும் முழுதாக நின்று, நாலைந்து வாரம் கழிந்த பிறகும் குழப்பம் இருந்தால் அப்போது நினைவாற்றல் பரிசோதனை செய்யலாம். மருந்தை நிறுத்தியதும் பழைய மனிதராகத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாதிதான் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் முன்கூட்டியே வாக்குறுதி தரமாட்டேன்.

நிறுத்துவது எப்படி

சட்டென்று நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து வரும் வகை மருந்து இல்லை இது. அந்த ஆபத்து நீண்ட நாள் மதுவுக்கும், அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளுக்கும் உண்டு. இதை நிறுத்தினால் சில நாள் தூக்கம் கெடும், அரிப்பு கொஞ்சம் துள்ளும், எரிச்சலாகப் பேசுவார். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஒரே நாளில் விடுவது. இரண்டு, ஒரு வாரத்துக்கு ஒன்று, அடுத்த வாரம் பாதி, அப்புறம் இல்லை. சாதாரணமாக இரண்டாவதையே சொல்வேன், வீட்டில் சண்டை குறையும். ஆனால் உங்கள் அப்பாவுக்குக் குழப்பமும் சிறுநீர்த் தடையும் சேர்ந்திருக்கிறது. மருத்துவமனையில் பார்த்துவிட்டு உடனே நிறுத்தச் சொன்னால் தயங்காதீர்கள். அதுவரை இன்று முதல் ஒன்றுக்கு மேல் வேண்டாம். பட்டையை அவர் சட்டைப்பையிலிருந்து உங்கள் அலமாரிக்கு மாற்றுங்கள், சாப்பிட்டோமா என்ற நினைவில்லாமல் மறுபடி விழுங்குவதும் நடக்கும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளில் நீங்களாகக் கை வைக்காதீர்கள்.

இதற்குப் பதிலாக "நிஜமான" தூக்க மாத்திரை எழுதித் தாருங்கள் என்று கேட்டுவிடாதீர்கள். விழுந்து எழுந்தவருக்கு அது இன்னொரு நிலைப்படி. கணக்கை மட்டும் பாருங்கள். எட்டு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுகிறார். ஏழு மணி நேரம் ஆயிற்றே! அவருக்குத் தூக்கம் குறைவில்லை, படுக்கும் நேரம்தான் முந்திவிட்டது. பத்து மணிவரை திண்ணையில் பேச்சுத்துணை கொடுங்கள். மதியத் தூக்கம் அரை மணியோடு சரி. நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். கொல்லைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு ராத்திரி முழுக்க எரியட்டும்.

அரிப்பை யாரும் பார்க்கவில்லை

மூன்று வருடமாக மாத்திரை கொடுத்திருக்கிறோம், சட்டையைக் கழற்றச் சொல்லித் தோலைப் பார்த்தவர் யாராவது உண்டா? கடிதத்தில் இல்லை. சுணை என்றால் களத்து வேலை முடிந்து குளித்த இரண்டு மூன்று நாளில் அடங்கிவிட வேண்டும். களம் காலியான மாசியில் என்ன சுணை? எல்லா அரிப்பும் அலர்ஜி அல்ல, ஹிஸ்டமின் சம்பந்தப்படாத அரிப்பில் இந்த மாத்திரை தூங்க வைக்குமே தவிர அரிப்பைத் தொடாது.

விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ராத்திரியில் அதிகம், வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறது என்றால் சிரங்குப் பூச்சி. அதற்குப் பெர்மெத்ரின் களிம்பு, வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே ராத்திரியில் பூசி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இன்னொரு முறை பூச வேண்டும். ஈர வேட்டி கட்டும் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்ட வட்டமாக இருந்தால் படர்தாமரை. அதற்கு ஸ்டீராய்டு கலந்த கலவை டியூப் பூசினால் முதலில் மறைந்து பிறகு முதுகு வரை ஏறும். ஒன்றுமே தெரியாமல் கால்கள் மட்டும் வெளுத்துச் செதில் செதிலாக இருந்தால் வயதான தோலின் வறட்சி, குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவி, சோப்பைக் குறைத்தாலே பாதி போய்விடும். இவை எதுவும் இல்லையென்றால் சிறுநீரகம், ஈரல், தைராய்டு பரிசோதனை. அலர்ஜிதான் என்று உறுதியானால் லோரடடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதிய தலைமுறை மாத்திரைகள் இருக்கின்றன, மூளைக்குள் அதிகம் போகாது. செட்ரிசின் இவற்றைவிடக் கொஞ்சம் தூக்கம் தரும், சிறுநீரகம் சோர்ந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

குழந்தையின் அரை ஸ்பூன்

தம்பி மனைவியிடம் கோபப்படாமல் சொல்லுங்கள், ராத்திரி முழுக்கக் கைக்குழந்தையோடு விழித்தவருக்குத்தான் அதன் களைப்பு தெரியும். ஆனால் சிரப்பை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 2 வயதுக்குக் கீழே இந்தக் குடும்பத்தின் புரோமெத்தசின் கொடுப்பது மூச்சை மந்தமாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-லேயே கடுமையாக எச்சரித்தது. குளோர்ஃபெனிரமினும் மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அட்டையில் போட வேண்டும் என 2023 டிசம்பரில் நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் உத்தரவிட்டது. பாட்டிலில் எந்த மருந்து என்று பாருங்கள். சமையலறை ஸ்பூனுக்கு அளவே கிடையாது, ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7 மில்லி பிடிக்கும். சில குழந்தைகளுக்கு இது தூக்கத்துக்குப் பதில் படபடப்பைக் கொடுத்து இன்னும் அழ வைக்கும், அழுகிறது என்று இன்னொரு அரை ஸ்பூன் போகும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். மூச்சு வாங்கினாலோ பால் குடிக்க மறுத்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்தில் தேவைப்படும். பனைமரத்துக் கதண்டு (பெரிய குளவி) கொட்டி, முகம் வீங்கி, மூச்சு இழுத்து, மயக்கம் வந்தால் வீட்டிலுள்ள அவிலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அது தடிப்பைக் குறைக்கும், அடைக்கும் தொண்டையைத் திறக்காது. அங்கே உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. பாம்பு கடித்தாலும் அவிலைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். கட்டுவிரியன் கடித்தவருக்கு இமை சொருகுவது விஷத்தின் முதல் அடையாளங்களில் ஒன்று. தூக்கம் தரும் இந்த மாத்திரை உள்ளே போயிருந்தால், இமை சொருகுவது மாத்திரையாலா விஷத்தாலா என்று பார்க்கிறவருக்கும் குழம்பும்.

மருத்துவமனைக்குப் போகும்போது சர்க்கரை, அழுத்த மாத்திரைகள், பூசுகிற டியூப், நாட்டு மருந்து ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூன்று நாளைக்கு அவர் எப்போது படுத்தார், எப்போது எழுந்தார், எப்போது குழம்பினார், அந்த நேரத்துச் சர்க்கரை எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், ஆனால் அதற்காகப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். அந்த வெட்டுப்பட்ட பட்டையையும் பையில் போடுங்கள். முழுப் பட்டை கிடைத்தால், "ஃபெனிரமின்" என்பதற்கு முன்னால் "குளோர்" இருந்ததா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.